சும்மா கட்டத்துத் திமிங்கலம்

அந்த அலுவலகத்தில் யாருக்கு நல்ல காது என்று கேட்டால் எல்லோரும் செவிட்டக்காவைத்தான் காட்டுவார்கள். பெயர்ப் பொருத்தம் அப்படி. நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவளை, டீ கொண்டுவருகிறவர் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாலாவது தரம் மேசையைத் தட்டி, "செவிட்டக்கா, டீ ஆறுது" என்று ஒருநாள் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள முதலில் காதில் விழ வேண்டுமே.

உண்மையில் அவளுக்கு இருந்தது காது இல்லை, வலை. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் பால் திரிகிற சத்தம் கேட்டு, அவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கதவைத் தட்டி, "அந்தப் பால் வேணாம், கொட்டிடுங்க" என்று சொன்னவள். சுவரோரம் போகிற எறும்பு வரிசையில் ஒன்று நொண்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். இதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பினாலும் போதும். அந்த மீதியே சாதாரண மனுஷருக்கு மூன்று காது.

முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். எக்ஸ்சேஞ்சை மூடியபோது, கூர்மையான செவித்திறன் உள்ளவர்கள் தேவை என்று கடல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டாள். தேர்வில் ஐம்பது சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். நாற்பத்தொன்பதைச் சரியாகச் சொன்னாள். ஐம்பதாவதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "இது டேப்ல இல்ல சார், உங்க தலைக்கு மேல. ஃபேனோட திருகு கழலுது" என்றாள். தேர்வாளர் சிரித்தார். அடுத்த வாரம் அந்த ஃபேன் அவருடைய காலி நாற்காலியின் மேல் விழுந்தது. வேலைக்கான உத்தரவு மறுநாளே வந்துவிட்டது.

வேலை இதுதான். கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளிக் கடலின் அடியில் இரண்டு பதிவுப் பெட்டிகள் கிடக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நாலு கிலோமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகுக்காரர் போய் அவற்றைத் தூக்கிவந்து, உள்ளே இருக்கிற பதிவைக் கொடுத்துவிட்டு, மறுபடி கொண்டுபோய் இறக்குவார். மணிக்கு ஐந்து நிமிஷம் வீதம் செவிட்டக்கா அதைக் கேட்டு, கேட்டதை எல்லாம் தாளில் குறிக்க வேண்டும். தாளில் நாலு கட்டம். முதல் கட்டம் உயிர்: திமிங்கலம், மீன், இறால் எல்லாம் அதில் சேரும். இரண்டாவது கப்பல். மூன்றாவது மழை, காற்று, அலை. நாலாவதுதான் அவளுடைய தனிச் சொத்து. சேர்ந்த புதிதில், "இது என்னம்மா சத்தம்?" என்று கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்ல சார், சும்மா" என்று சொல்லியிருக்கிறாள். தட்டச்சு செய்தவர் அப்படியே அடித்துவிட்டார். உயிர், கப்பல், வானிலை, சும்மா. பெட்டியைத் தாங்கும் சங்கிலி கிலுங்கினால் சும்மா. கல் உருண்டால் சும்மா. எதிலும் சேராதது எல்லாம் சும்மா.

பதிவுத் தாள்களை வெளிநாட்டு நிலையங்களுக்கும் அனுப்புவார்கள். ஒருமுறை அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் கடற்கரையில் 'சும்மா' என்கிற மீன் ஏராளமாக இருப்பதாகத் தெரிகிறது, அது எவ்வளவு நீளம் வளரும் என்று தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம், என்று கேட்டிருந்தார்கள். நிலையம் ஒரு வாரம் சிரித்தது. பதில் எழுதுவதாகச் சொன்ன டாக்டர் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துபோனார்.

இந்த டாக்டர் மருந்து கொடுக்காத டாக்டர். படித்து வாங்கிய பட்டம் அது. ஆனாலும் வாரத்துக்கு ஒருவராவது இருமிக்கொண்டே அவர் அறை வாசலில் வந்து நிற்பார். அவருக்கு இருந்த ஒரே நோய், சுவரில் மாட்டியிருந்த வரைபடம். கோடையில் இரை நிறைந்த குளிர்ந்த கடலில் வயிறு முட்ட மேய்கிற ஒரு திமிங்கல இனம், குளிர்காலம் தொடங்கும்போது இந்தக் கரையைத் தாண்டிப் போகும். அதுவரை வரைபடத்தில் நீல அம்புகள் ஒழுங்காக வந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை, வெள்ளைக் காகிதம். குளிர்காலத்தை அவை எங்கே கழிக்கின்றன, குட்டிகளை எங்கே போடுகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் தேடி டாக்டர் இரண்டு தரம் கப்பல் ஏறிப்போனார். இரண்டு தரமும் திமிங்கலத்தைப் பார்க்கவில்லை. போன கடல்களில் எல்லாம் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்தத் திமிங்கலத்தின் குரலைச் செவிட்டக்கா 'கதவு' என்று பெயர் வைத்திருந்தாள். எண்ணெய் காணாத கீலில் கதவை யாரோ மெதுவாகத் திறப்பதுபோல இருக்கும். வருஷாவருஷம் சில வாரங்கள் கதவு திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். உடனே டாக்டர், "போயாச்சா?" என்பார். "போயாச்சு சார்" என்பாள் இவள். வரைபடத்தில் கடைசி அம்பு விழும்.

கேட்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமான பஞ்சு. ஒரு மேசை, ஒரு கை உடைந்த நாற்காலி. சத்தம் போடும் என்பதால் ஃபேன் கூடாது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை முதல் நாளே அவள் கழற்றிவிட்டாள். அதனால் அங்கே பதினாறு வருஷமாக மணி பத்து இருபது. எதிரே இருந்த கம்ப்யூட்டர் திரையில் சத்தம் படமாகவும் ஓடும். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தாள். "படம் பாக்கறதுக்கு எனக்கு என்ன சம்பளமா குடுக்கறாங்க?" என்பாள்.

மாலையில் ஹெட்ஃபோனைக் கழற்றியதும் உலகம் கரகரவென்று காதுக்குள் வந்து விழும். பேருந்து, ஹாரன், சில்லறை கேட்கிற நடத்துநர். வீட்டுப் படி ஏறிக் கதவைத் திறந்தால் எல்லாம் அடங்கிவிடும்.

இரண்டு அறையுள்ள மாடி வீடு. முன்னறையில் தங்கச்சியின் தையல் மெஷின். புருஷனை இழந்து, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்த தங்கச்சி அந்த மெஷினை வைத்துத்தான் பிழைத்தாள். பத்தொன்பது வருஷம் அக்காவும் தங்கச்சியும் அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். மெஷின் அதிகம் ஓடினால், கீழ் வீட்டில் இருக்கிற ரிட்டையர்டான நர்ஸ் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். தங்கச்சி பதிலுக்கு இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, வெளிநாடு போய், பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். "குளிர் முடிஞ்சதும் வந்துடுவேன்கா, மெஷினை மட்டும் யாரையும் தொட விடாதே" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி விமானம் ஏறினாள். அது ஒன்பது குளிர்காலத்துக்கு முன்பு. முதல் வருஷம் பேரனுக்குப் பல் முளைத்தது. அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். பிறகு தங்கச்சிக்கே மூட்டு வலி. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம், எல்லாமே நியாயமான காரணம். மெஷின்மேல் போட்ட துணியை அக்கா மாதம் ஒருமுறை துவைத்துப் போட்டாள். மெஷினை யாரையும் தொட விடவில்லை, தானும் தொடவில்லை.

தங்கச்சி போன முதல் குளிர்காலத்துப் பதிவில்தான் அது நடந்தது. பெட்டிகளைக் கரையோரத்திலிருந்து எடுத்து இப்போதைய இடத்தில் போட்டதும் அந்த வருஷம்தான். கதவு மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹெட்ஃபோனில் வெறும் கடல். திடீரென்று, தூரத்தில், டக டக டக டக டக. நிறுத்தம். டக டக டக. நிறுத்தம். பிறகு நீளமாக ஒரு ஓட்டம்.

காலர் தைக்கிற ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள் செவிட்டக்கா. சின்னதாக ஓட்டி, நிறுத்தி, துணியைத் திருப்பி, நீளமாக ஓட்டுகிற தங்கச்சியின் கால்.

ஹெட்ஃபோனைக் கழற்றி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பஞ்சுச் சுவர். பத்து இருபது மணி. மறுபடி மாட்டினாள். டக டக டக டக.

முகம் சுட்டது. ஆளில்லாத வீட்டில் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்கிற பொம்பளைக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். காது டாக்டரிடம் போனாள். அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உங்க காதை ரெண்டு பேருக்குப் பிச்சுக் குடுக்கலாம்மா" என்றார். அப்படியானால் கோளாறு காதில் இல்லை, காதுக்கு உள்ளே இருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் காதில் விழுந்ததைத் தாளில் குறிக்காமல் விடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். சட்டத்தை மீற அவளுக்கு வராது. நாளையும் நேரத்தையும் எழுதி, நாலாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். சும்மா.

குளிர் குறைந்ததும் அது நின்றது. அடுத்த குளிரில் வந்தது. மூன்றாவது வருஷம் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். கோளாறு என்று தெரிந்தும், குளிர்காலப் பதிவு வருகிற அன்றைக்குத் தலையைப் படிய வாரிக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஒன்பது குளிர்காலம், ஆயிரத்துச் சொச்சம் கோடு. சும்மா கட்டத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பார்த்தவள் கம்ப்யூட்டர் பொண்ணு.

முப்பது வயது இருக்கும். செவிட்டக்காவின் வேலையை இனி ஒரு கம்ப்யூட்டரே செய்யும்படி பழக்குவதற்காக வந்தவள். அதை முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டாள்.

"உங்க வேலையைப் பறிக்கத்தான்கா வந்திருக்கேன். முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் டீல உப்புப் போட்டுடாதீங்க."

"போடறதா இருந்தா சொல்லிட்டுத்தான் போடுவேன்" என்றாள் செவிட்டக்கா. இருவருக்கும் அப்போதே ஒத்துப்போய்விட்டது.

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. செவிட்டக்கா பதினாறு வருஷமாகக் குறித்த தாள்களைக் காட்டி, இது கதவு, இது கப்பல், இது சும்மா என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அவள் காதையே பிடுங்கிப் பெட்டிக்குள் நட்டுவைப்பது மாதிரி. மாதக் கடைசியில் பழக்குகிற வேலை முடியும். அதன்பிறகு அறையைப் பூட்டுவார்கள். செவிட்டக்கா ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டு பெட்டிகளையும் இங்கிருந்து எடுத்து எங்கோ தூரக் கடலில் போட டாக்டர் உத்தரவு வாங்கியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பெண் தன் மடிக்கணினியோடு வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க சும்மாவை எல்லாம் கம்ப்யூட்டர் தானாவே பிரிச்சுக் குவியல் குவியலாப் போட்டிருக்கு. சங்கிலி ஒரு குவியல், கல்லு ஒரு குவியல். எல்லாம் சரி. இந்த ஒண்ணு மட்டும் என்னன்னு புரியல. குளிர்காலத்துல மட்டும் வருது. வருஷம் தவறாம வருது."

திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்ட மாதிரி வரிசையாகப் புள்ளிகள். ஐந்து புள்ளி. இடைவெளி. மூன்று புள்ளி. இடைவெளி. பிறகு நீளமாக ஒரு வரிசை.

செவிட்டக்கா அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இது… இது நெஜமாவே பதிவுல இருக்கா?"

"பின்ன? நீங்கதானே குறிச்சிருக்கீங்க."

முதலில் வந்தது நிம்மதி. ஒன்பது வருஷம் முதுகில் சுமந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கோளாறு இல்லை, தனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்விட்டுச் சிரிக்கக்கூடத் தொடங்கினாள். பாதிச் சிரிப்பில்தான் மற்றது உறைத்தது. பதிவில் இருக்கிறது என்றால் கடலில் இருக்கிறது. கடலில் இருக்கிறது என்றால், அது என்ன?

"துறைமுகத்துப் பம்ப்பா இருக்கும்னு நெனைக்கறேன்" என்றாள் அந்தப் பெண். "பம்ப்னு பேர் போட்டு மூடிடட்டுமா? நீங்க சொல்லிட்டா அதுக்கப்புறம் இங்க யாரும் கேள்வி கேக்கப் போறதில்ல."

அது உண்மை. அந்தக் கட்டடத்தில் செவிட்டக்கா சொன்னால் சொன்னதுதான்.

"ரெண்டு நாள் குடும்மா" என்றாள்.

அன்று மாலையே படகுக்காரரைப் போனில் பிடித்தாள். "அண்ணே, நம்ம பெட்டி கிடக்கற இடத்துல பம்ப்பு, மோட்டார் ஏதாவது ஓடுதா?"

"அங்க ஏதும்மா பம்ப்பு? வெறும் தண்ணி. குளிர்காலத்துல ஒரு ஈ காக்கா வராது. நானே வேண்டாவெறுப்பாத்தான் போறேன்."

மறுநாள் துண்டை எடுத்துவிட்டுத் திரையையும் போட்டுக்கொண்டாள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே நாளில் பதிவானதை அடுத்தடுத்து வைத்துக் கேட்டாள். காலையில் ஒன்றாம் பெட்டியில் காதைப் பிளக்கிற சத்தம், இரண்டாம் பெட்டியில் முனகல். மதியம் இரண்டிலும் ஒரே அளவு. சாயங்காலம் இரண்டாம் பெட்டியில் பிளக்கிறது, ஒன்றில் முனகல். பம்ப்பு நடக்குமா? தையல் மெஷின்தான் நடக்குமா? நடக்கிறது என்றால் உடம்பு இருக்கிறது.

வியாழக்கிழமை ஆறாவது வருஷத்துப் பதிவு ஒன்றில் மாட்டிக்கொண்டது. டக டக டக டக, நிறுத்தம், டக டக டக. அதே இடத்திலிருந்து, அதே நெருக்கத்தில், மூச்சுவிடுகிற நேரத்துக்குள், எண்ணெய் காணாத கீல் ஒன்று மெதுவாகத் திறந்தது. கதவு. உடனே மறுபடியும் தையல்.

ஒரே தொண்டை.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவை எங்கும் போகவில்லை. கரையைத் தாண்டியதும் கதவுக் குரலை விட்டுவிட்டு வேறு குரலுக்கு மாறி, இங்கேயே, இந்தக் கட்டடத்தின் மாடி ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கடலிலேயே குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தன. "போயாச்சா?" என்று வருஷாவருஷம் ஒருவர் கேட்டார். "போயாச்சு" என்று இவள் சொன்னாள்.

இப்போது என்ன செய்வது என்பதில் குழப்பம் ஏதுமில்லை, அதுதான் கஷ்டம். உண்மையைச் சொன்னால், அவளிடம் இருக்கிற ஒரே பெருமை போய்விடும். வேறு எதையும் அவள் சேர்த்துவைக்கவில்லை, இந்தக் காதைத் தவிர. பம்ப் என்று சொன்னால் பெருமையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் கம்ப்யூட்டர் அவள் தப்பைக் கற்றுக்கொண்டுவிடும். அவளாவது என்றைக்காவது செத்துப்போவாள். அது சாகாது. அந்தக் கடலில் அவை எத்தனை வருஷம் கத்தினாலும் அது சளைக்காமல் சும்மா, சும்மா என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் போன் வந்தது. தூரத்து அழைப்பு, ஒன்று சொன்னால் அது போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு நொடி இடைவெளி விழும்.

"என்னக்கா பண்றே?"

"சும்மாதான் இருக்கேன். ஏண்டி, காலர் தைக்கும்போது நடுவுல நடுவுல நிறுத்துவியே, ஏன்?"

இடைவெளி. பிறகு சிரிப்பு. "துணியைத் திருப்ப வேணாமா? இதுகூடத் தெரியாமயா பத்தொன்பது வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தே? என்ன திடீர்னு?"

"சும்மா கேட்டேன்."

"மெஷின்னு சொன்னதும் ஞாபகம் வருது. அதை யாருக்காவது குடுத்துடேன்கா. எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு? எனக்கு இனிமே காலும் ஓடாது, கண்ணும் தெரியாது."

செவிட்டக்காவின் கண் மெஷின்மேல் போட்ட துணிக்குப் போனது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

வைத்துவிட்டு மெஷின் எதிரே உட்கார்ந்தாள். தங்கச்சி திரும்பி வரமாட்டாள் என்பதைத் தங்கச்சி வாயால் கேட்டது இன்றுதான். ஆனால் இது புதிய சத்தமா? பல் முளைத்த வருஷமே கேட்டதுதானே? மூட்டு வலியிலும் கேட்டதுதானே? கேட்டதை எல்லாம் நாலாவது கட்டத்தில் போட்டுப் போட்டு மூடிவைத்தது யார்?

திங்கட்கிழமை காலை டாக்டர் அறைக்குப் போனாள். அவர் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்று, பெட்டிகளை எங்கே மாற்றிப் போடலாம் என்று குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்.

"சார், திமிங்கலம் போகல."

"எது போகல?"

"எந்த வருஷமும் போகல. இங்கேயேதான் இருக்கு." கொண்டுவந்த தாள்களை மேசைமேல் வைத்தாள். "குளிர்காலத்துல வேற குரல்ல பேசுது சார். எனக்குக் கேட்டுது. நான் சும்மால போட்டேன்."

டாக்டர் தாள்களைப் பார்த்தார். ஒன்றாம் பெட்டி, இரண்டாம் பெட்டி, காலை, சாயங்காலம். அதிலிருந்த ஆறாவது வருஷத்துப் பதிவைத் தன் காதிலேயே போட்டுக் கேட்டார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது."

"ஒன்பது வருஷமா கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"என் தங்கச்சின்னு நெனச்சேன் சார்."

டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அதற்கு மேல் அவளால் விளக்க முடியவில்லை. விளக்கியிருந்தாலும் அவருக்கு அப்போது ஏறியிருக்காது.

"நான் எத்தனை கடல்ல வாந்தி எடுத்தேன் தெரியுமா உங்களுக்கு?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "பதினோரு கிலோமீட்டர். என் வீட்டுக்கு இங்கேயிருந்து பதினாலு." எழுந்து வெளியே போய்விட்டார். குண்டூசி டப்பா அவர் சட்டையில் மாட்டிக் கீழே விழுந்து சிதறியது. செவிட்டக்கா மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எத்தனை விழுந்தன என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றுதான் கிடைத்தது.

அதன்பிறகு பத்து நாள் டாக்டர் அவளோடு பேசவில்லை. பெட்டிகளை மாற்றுகிற உத்தரவு ரத்தானது. அவள் பதினாறு வருஷமாகக் குறித்த அத்தனை தாளையும் வேறு ஊர் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து முதலிலிருந்து கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவானது. அவளே உட்கார்ந்து கேட்கிறேன் என்றாள். தன் தப்பைத் தானே திருத்தக்கூடாது என்பது விதி என்றார்கள். வராந்தாவில் அவள் போகும்போது, "செவிட்டக்கான்னு சும்மாவா பேர் வச்சாங்க" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். மெல்லத்தான் சொன்னார்கள், பாவம். அவள் காதைப் பற்றி அவர்கள் முழுசாக நம்பிக்கை இழந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கம்ப்யூட்டருக்குத் திருத்திச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. கடைசி நாளன்று அந்தப் பெண் ஒன்பது வருஷப் பதிவையும் அதற்குள் ஓடவிட்டுக் காட்டினாள். குளிர்கால மாதங்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக நிறைந்தன.

"இங்க பாருங்கக்கா. மொதல் அஞ்சாறு வருஷம் ரெண்டு குரல் இருக்கு. ஒண்ணு நிறுத்துச்சுன்னா இன்னொண்ணு ஆரம்பிக்குது. பக்கத்துப் பக்கத்துல போனதால உங்க காதுக்கே ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு. கடைசி மூணு வருஷமா ஒண்ணுதான். ஆனா அது இப்பவும் அதே மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் கத்துது. ஏன்னு தெரியல."

செவிட்டக்காவுக்குத் தெரிந்தது. துணியைத் திருப்புவதற்காக இல்லை. ஆனால் அதைத் தாளில் எழுத இனி அவளுக்கு வேலை இல்லை.

ஹெட்ஃபோனின் வயரைச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டபோது, டாக்டர் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு பழைய கடிதம்.

"இழுப்பறையில இருந்தது. சும்மாங்கற மீன் எவ்வளவு நீளம் வளரும்னு கேட்டிருந்தாங்களே."

"ஆமா சார்."

"பதில் போட்டுட்டேன். எட்டு மீட்டர். மீன் இல்லைன்னும் எழுதிட்டேன்." சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கடிதத்தையே மடித்துப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க கோடு போட்டு வச்சதாலதான் கிடைச்சது. போடாம விட்டிருக்கலாம்" என்றார். பிறகு வழிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் செவிட்டக்கா மெஷின்மேல் இருந்த துணியை எடுத்தாள். வாங்கிக்கொள்கிறவர்களிடம் சொல்லியிருந்தாள், சாயங்காலம் வருவார்கள். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். நூல் கோர்க்கவில்லை, துணி வைக்கவில்லை. வெறும் மெஷினைக் காலால் மிதித்தாள்.

டக டக டக டக டக.

நிறுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தெருவில் ஒரு சைக்கிள். தூரத்தில் ஏதோ வீட்டில் குழாய். டக டக டக. நிறுத்தினாள். கேட்டாள். பதில் வரப்போவதில்லை என்று தெரிந்தும், நின்று கேட்கிற அந்த இடைவெளியை அவளால் குறைக்க முடியவில்லை. நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி நிறுத்தினாள்.

கீழேயிருந்து டக், டக், டக் என்று மூன்று தட்டு.

செவிட்டக்கா அசையாமல் இருந்தாள். துடைப்பக் கட்டை. ஒன்பது வருஷம் கழித்து, மதியத் தூக்கம் கெட்ட கோபத்தில், கூரை பெயர்கிற மாதிரி ஒரு தட்டு. கூடவே மாடிப்படியில் நர்ஸின் குரல் ஏறி வந்தது.

"மேல என்ன சத்தம்? யாரது?"

பழக்கத்தில் அந்தச் சொல் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"நான்தான்!" என்று உரக்கக் கத்தினாள்.